ராயபுரம் கடிகாரமும் ரவுட்டருக்குள் ஒரு சர்வரும்

"லிங்க் இல்லை, மத்தியானமா வாங்க."

தமிழ்நாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களில் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்காதவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம்தான். திருவொற்றியூரில் ஒரு வங்கிக் கிளையில் இதைச் சொன்னால், பென்ஷன் வாங்க வந்த தாத்தா முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார். அதே வாக்கியத்தைத் துறைமுக கேட்டில் சொன்னால் கதையே வேறு. கன்டெய்னர் லாரியால் திரும்பிப் போக முடியாது. அதன் பின்னால் இன்னொரு லாரி, அதன் பின்னால் இன்னொன்று... காசிமேடு ஜீரோ கேட்டில் ஆரம்பித்து எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் வரை லாரிகள் வரிசையாக நின்ற நாட்கள் வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வரிசைக்குக் காரணங்கள் பல. சாலை, சுங்கச் சோதனை, கேட்டுகளின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் வந்து சேரும் கப்பல்கள் என்று பட்டியல் நீளும். கம்ப்யூட்டர் அதில் ஒன்றுதான். ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர், எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரின் தயவில் ஏன் இருக்க வேண்டும்? எப்போதுமே அப்படித்தான் இருந்ததா?

இல்லை. பெட்டி கிளையில் இருக்க வேண்டுமா, தலைமையகத்தில் இருக்க வேண்டுமா என்ற இழுபறிக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் வயது. அது வடசென்னையிலேயே ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணுக்குத் தெரியாத நாலு வேலைகள்

முதலில் ஒரு சின்ன விளக்கம். அலுவலகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார். அவர் தன் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே, அவருக்குத் தெரியாமல் நாலு காரியங்கள் நடந்தாக வேண்டும்.

ஒன்று, அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும். அதைத் தருவது டிஎச்சிபி. இரண்டு, பெயரைச் சொன்னால் முகவரியைக் கண்டுபிடித்துத் தர ஒரு ஆள் வேண்டும். அது டிஎன்எஸ். தெருவுக்குப் புதிதாக வந்தவருக்கு வீட்டைக் காட்டும் போஸ்ட்மேன் மாதிரி. மூன்று, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே மணி காட்ட வேண்டும். அதற்கு என்டிபி. நான்கு, உட்கார்ந்திருப்பவர் இந்த அலுவலகத்து ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும். அதற்கும் தனி சர்வர் உண்டு.

இந்த நாலும் சேர்ந்ததுதான் நெட்வொர்க்கின் அடிப்படைச் சேவைகள். இவற்றில் எதுவும் கணக்கு எழுதாது, பில் போடாது. ஆனால் இவை நின்றால் மற்ற எதுவும் ஓடாது. டிஎன்எஸ்ஸை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதற்கு முன்னால் உலகத்தின் கம்ப்யூட்டர் பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு ஃபைலில், கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு நிறுவனத்தில் இருந்தன. எல்லோரும் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி 1985-ல் டேவிட் மில்ஸ் கொடுத்தது. டிஎச்சிபி 1993-ல் வந்தது.

நேரம் என்றதும் ராயபுரம் வந்துவிடுகிறது.

ராயபுரம் கடிகாரம்

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. ரயிலும் தந்தியும் கைகோத்துக்கொண்டு வளர்ந்தபோது புதிதாக ஒரு தலைவலி முளைத்தது: எந்த ஊர் மணியை வைத்துக்கொள்வது?

அப்போது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி. சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ரயில்வேக்கு இது சரிப்படாது. கடைசியில் நடுவில் கிடந்த மதராஸ் நேரத்தையே ரயில்வேக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரத்தைக் கணித்தது. அது தந்திக் கம்பி வழியாக மற்ற ஊர்களுக்குப் போனது. மதராஸ் நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906-ல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது கடிகாரங்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்டேஷன் கடிகாரம் வினாடிக்கு வினாடி நுங்கம்பாக்கத்தைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை. அதற்கென்று தனி ஸ்பிரிங் இருந்தது, தானாக ஓடியது. மையம் செய்தது, அவ்வப்போது குறிப்பு அனுப்பித் திருத்தியது மட்டும்தான். புயலில் தந்திக் கம்பி அறுந்தாலும் கடிகாரம் நிற்காது. இரண்டு நாளில் சில வினாடிகள் தவறும், அவ்வளவுதான். கம்பி சரியானதும் மறுபடி திருத்திக்கொள்ளலாம்.

ஓடுவது கிளையின் வேலை, திருத்துவது மையத்தின் வேலை. பின்னால் வந்த கம்ப்யூட்டர்காரர்கள் இந்தப் பாடத்தை இரண்டு முறை மறந்து, மூன்றாவது முறை சுற்றிவளைத்துக் கண்டுபிடித்தார்கள்.

கிளைக்கு ஒரு பெட்டி

வடசென்னைப் பக்கம் தொழில் வளர்ந்ததே கிளை கிளையாகத்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், 1955-ல் புல்லட் கட்ட ஆரம்பித்த என்ஃபீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இவற்றைச் சுற்றி வங்கிக் கிளைகள், கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகங்கள், லாரி புக்கிங் ஆபீஸ்கள், எடைமேடைகள். 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்த பிறகு காகிதங்களின் எண்ணிக்கை எகிறியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கட்டு ஆவணம்.

அதே சமயத்தில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரிசர்வ் வங்கி நியமித்த ரங்கராஜன் குழு 1984-ல் தந்த அறிக்கைக்குப் பிறகு, கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் நுழைந்தன. அடுத்த கட்டமாக, கிளை முழுவதையும் கம்ப்யூட்டர்மயமாக்கினார்கள். கிளைக்குள்ளேயே ஒரு சர்வர், அதில் அந்தக் கிளையின் கணக்குகள். சுங்கத்துறையும் அப்படித்தான். 1995-ல் டில்லியில் ஆரம்பித்த அதன் கம்ப்யூட்டர் முறை மற்ற சுங்க அலுவலகங்களுக்குப் பரவியபோது, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி சர்வர் இருந்தது.

பி.காம் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். கிளைக் கணக்குகள் பாடத்தில் இரண்டு வகைக் கிளைகள் வரும். சார்புக் கிளைக்குத் தனிப் புத்தகம் கிடையாது, எல்லாவற்றையும் தலைமையகமே எழுதும். சுதந்திரக் கிளை முழுப் புத்தகங்களையும் தானே வைத்துக்கொண்டு இருப்பாய்வை மட்டும் அனுப்பும். கிளைக்கு ஒரு சர்வர் என்பது சுதந்திரக் கிளை.

அதில் வசதி உண்டு. வெளி லைன் அறுந்தாலும் கவுன்ட்டரில் வேலை நடக்கும். ஆனால் செலவு? ஆயிரம் கிளை என்றால் ஆயிரம் சர்வர். ஒவ்வொன்றுக்கும் யுபிஎஸ், ஏசி, பேக்கப் டேப். கடலோரத்து உப்புக் காற்றில் சர்க்யூட் போர்டு எத்தனை நாள் தாங்கும் என்பது ராயபுரத்தில் இரும்புக் கதவு வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். ஒரு சாஃப்ட்வேர் திருத்தம் வந்தால் ஆயிரம் இடத்துக்கு ஆள் போக வேண்டும். இந்தக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் அந்தக் கிளையில் பணம் எடுக்க முடியாது.

எல்லாம் மையத்துக்கு

எனவே ஊசல் மறுபக்கம் ஆடியது. 1994-ல் தேசியப் பங்குச் சந்தை விசாட் ஆன்டெனாக்கள் மூலம் நாடு முழுவதும் தரகர்களைத் தன் ஒரே கம்ப்யூட்டருடன் இணைத்துக் காட்டியது. 1999-ல் வங்கிகளுக்கென்றே இன்ஃபினெட் என்ற நெட்வொர்க் வந்தது. பிறகு கோர் பேங்கிங். கணக்குகள் எல்லாம் மைய டேட்டா சென்டருக்குப் போயின. சுங்கத்துறையும் 2009 முதல் தன் புதிய பதிப்பில் தனித்தனி சர்வர்களை மையப்படுத்தியது.

லாபம் பெரியது. எங்கிருந்தும் பணம் எடுக்கலாம், வீட்டிலிருந்தே சுங்க ஆவணம் தாக்கல் செய்யலாம். ஆனால் கணக்குகள் மையத்துக்குப் போனபோது, கூடவே பல நிறுவனங்களில் அந்த நாலு அடிப்படை வேலைகளும் மையத்துக்குப் போய்விட்டன. சர்வரைத்தான் தூக்கியாகிவிட்டதே, இதற்கு மட்டும் எதற்கு ஒரு பெட்டி என்ற கணக்கு.

விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. ஒரு அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாலடி தள்ளி பிரின்டர் இருக்கிறது. இரண்டும் ஒரே வயரில். ஆனால் பிரின்டரின் பெயரைக் கேட்டுச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் வேறு ஊரில். வெளி லிங்க் போனால், பக்கத்திலிருக்கும் பிரின்டரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாது! விசாட் லிங்க் என்றால் இன்னும் மோசம். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மேலே போய்க் கீழே வர, கிட்டத்தட்ட அரை வினாடி. நாலடி தூரத்துக்கு ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

லிங்க் போவது அபூர்வமான விஷயமும் இல்லை. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்ததில் இந்தியாவின் இணையம் தள்ளாடியது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னைக்கு டிசம்பர் வந்தாலே பயம். இத்தனைக்கும் சென்னை, கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர். 2002-ல் சிங்கப்பூரிலிருந்து ஐ2ஐ கேபிள் வந்து இறங்கியது இங்கேதான். உலகத்தோடு இணைக்கும் கேபிள் வாசலில் இருந்தும், தெருமுனையில் பள்ளம் தோண்டும் ஜேசிபி ஒரு கிளையை இருட்டில் தள்ளிவிட முடியும்.

ரவுட்டருக்குள் ஒரு விருந்தாளி

திரும்பவும் கிளைக்கு ஒரு சர்வர் வாங்கலாமா? உப்புக் காற்று, ஏசி, ஆள் கூலி எல்லாம் திரும்ப வரும். இங்கேதான் ஒரு யோசனை பிறந்தது. சர்வரைத் தூக்கியெறிந்த பிறகும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெட்டி மட்டும் கட்டாயம் மிஞ்சியிருந்தது. அது ரவுட்டர். அது இல்லாமல் லிங்க்கே கிடையாது. அந்தப் பெட்டிக்குள்ளேயே இந்த நாலு வேலைகளையும் குடிவைத்தால் என்ன?

அதற்கான வித்தை பழையது. ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர் போல நடிக்க வைக்கும் வழியை ஐபிஎம் 1960-களிலேயே கண்டுபிடித்து, 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரு சர்வர் என்பது இரும்புப் பெட்டியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஃபைலாக இருந்தால் போதும். சாஃப்ட்வேர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், செட்டிங் எல்லாம் சேர்த்துக் கட்டிய அந்த ஃபைலுக்குத்தான் விர்ச்சுவல் அப்ளையன்ஸ் என்று பெயர். இடம் கொடுக்கிற எந்த இயந்திரத்திலும் அது ஓடும்.

சிஸ்கோ 2004-ல் கொண்டுவந்த ஐஎஸ்ஆர் வகை ரவுட்டர்களில் கூடுதல் அட்டைகளைச் செருகும் இடம் இருந்தது. 2008-ல் ஏஎக்ஸ்பி என்ற பெயரில், அந்த அட்டையில் லினக்ஸ் வைத்து வெளி நிறுவனங்களின் சாஃப்ட்வேரையும் ஓட்டலாம் என்று அறிவித்தது. லிங்க் வேகத்தைக் கூட்டும் பெட்டி செய்த ரிவர்பெட் நிறுவனமும் தன் பெட்டிக்குள் விஎம்வேருக்கு இடம் கொடுத்தது. டிஎன்எஸ், டிஎச்சிபி வேலைக்கென்றே தனிப் பெட்டி விற்றுவந்த இன்ஃபோபிளாக்ஸ், தன் பெட்டியையே ஃபைலாக மாற்றி இந்த இரண்டு வீட்டிலும் குடிபுகுந்தது. 2009-ல் சிஸ்கோவின் அடுத்த தலைமுறை ரவுட்டர்களில் இதற்கென்றே பலமான அட்டைகள் வந்தன.

இது வேலை செய்யும் விதம்தான் அழகு. தலைமையகத்தில் ஒரு தலைமைச் சர்வர். எந்தக் கிளைக்கு எந்த முகவரிகள், எந்தப் பெயர் எங்கே என்ற பட்டியல் அதில். கிளை ரவுட்டருக்குள் இருக்கும் விருந்தாளியிடம் தன் கிளைக்கு வேண்டிய நகல் இருக்கும். லிங்க் இருக்கும்போது தலைமை திருத்தங்களை அனுப்பும், கிளை தன் குறிப்புகளை அனுப்பும். லிங்க் போனால் கிளை தன் நகலை வைத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். மீண்டதும் இரண்டும் சரிபார்த்துக்கொள்ளும். கணக்குப் பாடத்தில் சொன்னால், சுதந்திரக் கிளை, ஆனால் தினமும் சரிக்கட்டப்படுகிற கிளை. வழியிலுள்ள ரொக்கம் மாதிரி, அறுந்த நேரத்துப் பதிவுகள் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

அதாவது, ராயபுரம் கடிகாரம்!

குறைகளும் உண்டு. ரவுட்டரில் இருக்கும் பிராசஸரும் நினைவகமும் கொஞ்சம்தான். பெட்டி ஒன்றே என்பதால், அது புகைந்தால் லிங்க்கும் போகும், நாலு வேலைகளும் சேர்ந்து போகும். பெட்டிக்குள் யாராவது புகுந்தால் எல்லாச் சாவியும் ஒரே இடத்தில். லைசென்ஸ் செலவு தனி. எல்லாவற்றுக்கும் மேல், இது கோர் பேங்கிங்கைக் கிளைக்குக் கொண்டுவராது. மையக் கணக்கைத் தொடும் வேலை லிங்க் வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் திறக்கும், பிரின்டர் ஓடும், மணி சரியாக இருக்கும், கேட்டில் சீட்டு எழுதி அச்சடித்து வண்டியை ஓரங்கட்டவாவது முடியும். அந்த வித்தியாசம் சின்னதில்லை.

2012 அக்டோபரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. ரவுட்டர், ஃபயர்வால் என்று ஆளுக்கொரு பெட்டி வேண்டாம், எல்லாம் சாதாரண சர்வரில் ஓடும் சாஃப்ட்வேராகட்டும் என்றன. அதற்கு என்எஃப்வி என்று பெயர். முதலில் ரவுட்டருக்குள் சர்வர் விருந்தாளியாக வந்தது. பிறகு சர்வருக்குள் ரவுட்டரே விருந்தாளி ஆகிவிட்டது.

கானாவில் ஒரு கரன்ட் கட்

இதெல்லாம் இன்ஜினியர்கள் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 2017 ஜூன் 27-ஐ நினைத்துப் பார்க்கலாம். அப்போது உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மெர்ஸ்க், நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கி முடங்கியது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. சென்னையில் பார்த்த அதே காட்சி, இந்த முறை நவசேவாவில். வெளியே லாரிகள்.

யார் நம் ஆள் என்று சரிபார்க்கும் சர்வர்கள் மெர்ஸ்க்கிடம் உலகம் முழுவதும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்பது திட்டம். எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் யோசிக்கவில்லை. அழிந்தன. ஒன்றைத் தவிர. அது ஆப்பிரிக்காவில், கானா நாட்டுக் கிளை அலுவலகத்தில் இருந்தது. தாக்குதல் நடந்தபோது அங்கே கரன்ட் கட்! சர்வர் நெட்வொர்க்கில் இல்லாததால் வைரஸ் அதை எட்டவில்லை. அங்கிருந்து தகவலை லைனில் அனுப்ப வேகம் போதவில்லை. ஊழியர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியா போய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்கு விமானம் ஏறினார். அதை வைத்துத்தான் மொத்த நெட்வொர்க்கும் திரும்பக் கட்டப்பட்டது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவியதாகப் பின்னர் நிறுவனத் தலைவரே சொன்னார். கிளையில் தனியாக ஒரு பெட்டி, அதுவும் அணைந்து கிடந்த பெட்டி, ஒரு கப்பல் சாம்ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் உலகம் முழுக்கக் கிளைகளில் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் மையத்தோடு பேச முடியாவிட்டால் தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மையம் அறுந்ததும் எல்லாம் ஒன்றாக விலகிக்கொண்டன. ஆக, பெட்டியைக் கிளையில் வைத்தால் மட்டும் போதாது. மையம் இல்லாத நேரத்தில் சொந்தமாக ஓடும் உரிமையையும் அதற்குக் கொடுக்க வேண்டும்.

வரிசையில் நிற்பவர் யார்?

பெட்டியை எங்கே வைப்பது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் செலவுக் கணக்கு. இத்தனை கிளை, இத்தனை லைசென்ஸ், இத்தனை மிச்சம் என்று ஒரு தாளில் முடிந்துவிடும். அந்தத் தாளில் வராத செலவு ஒன்று இருக்கிறது. லிங்க் போன நாலு மணி நேரத்தில் எண்ணூர் சாலையில் நிற்கும் டிரைவருக்கு டிரிப் போகிறது. டிரிப்புக்குத்தான் காசு என்றால் அன்றைய வருமானம் அதோடு சரி. பென்ஷன் வாங்க வந்த தாத்தாவுக்கு ஷேர் ஆட்டோ கூலி இரண்டு தரம். கப்பலைத் தவறவிட்ட சரக்கு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும், வாடகையோடு. இவை எதுவும் தலைமையகத்தின் லெட்ஜரில் ஏறாது. முடிவெடுப்பவர் டேட்டா சென்டரில் இருக்கிறார், காத்திருப்பவர் கேட்டில் இருக்கிறார்.

ராயபுரம் ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் ரயில் நிலையங்களில், பழைய கட்டடத்தோடு மிஞ்சி நிற்பது அதுதான். அந்தக் காலத்துக் கடிகாரத்துக்கு மையம் வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் மணி தவறிவிடும். ஆனால் மையம் பேசாத நாளிலும் அது ஓடியது, ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு மணி காட்டியது. ஒரு கிளை அலுவலகத்துக்கு நெட்வொர்க் போட உட்காருபவர்கள் அந்தக் கடிகாரத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டால், கேட்டில் நிற்கும் வரிசையில் நாலு லாரியாவது குறையும்.